நாலு கிலோ நரம்பு

மஸ்கட்
6.4.2024

அன்புள்ள அக்கா அஜிஷாவுக்கு,

தம்பி ஜினோ எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் அம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கிடக்கப் போகும்போதெல்லாம் செபிக்கிறேன்.

உன் போனுக்கு நாற்பது தடவைக்கு மேல் அடித்துவிட்டேன். நீ என்னை பிளாக் பண்ணியிருக்கிறாய் என்று டெனிஷ்தான் விளக்கிச் சொன்னான். கருங்கல்காரன், என் அறையில் இருப்பவன். பத்தாம் தேதி ஊருக்கு வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும் பால்பொடியும் பிஸ்தாவும் அத்தானுக்குத் தேய்க்க ஒரு தைலமும் கொடுத்துவிடுகிறேன்.

வேலை நல்ல வேலைதான். வெளிநாட்டுக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு பெரிய மீன் பிடிக்கப் போகிறோம். விற்பதற்கும் இல்லை, தின்பதற்கும் இல்லை. மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனைக் கொத்த வைத்து, நரம்பு அறாமல் அதைச் சோர வைத்துப் பிடிப்பது அவர்களுக்கு ஒரு வீரம். முந்தாநாள் ஒரு ஜெர்மன்காரர், கிழவர், ஐம்பது கிலோ பாறை மீன் ஒன்றை ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் போகிற போக்குக்கு வள்ளத்தைத் திருப்பத் தெரிந்தவன் இங்கே நான்தான் என்று முதலாளி சொல்கிறார். பிப்ரவரியில் நாங்கள் பிடித்த மயில்மீனின் வீடியோவைப் பார்த்துத்தானே இவர்கள் என்னைக் கூப்பிட்டதே.

அத்தானுக்கு இப்படி ஆனது யார் கையிலும் இல்லை அக்கா. மீனைத் தூக்கிப் போட்டோம், அவர் சாய்ந்தார். எஞ்சின் புகைய புகைய கரைக்கு விட்டேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நீ ஏன் என்னோடு பேசாமல் இருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தான் இப்போது பேசுகிறாரா? கை எப்படி இருக்கிறது? அம்மாவை முட்டுவலிக்கு டாக்டரிடம் காட்டு.

உன் தம்பி,
ஜினோ

*

புன்னைத்துறை
2.5.2024

ஜினோவுக்கு,

சுகம் கேட்டிருந்தாய். அம்மாவுக்கு முட்டுவலி, எப்போதும் உள்ளதுதான். எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு டியூட்டி, அதற்கு முன்னால் இவரை எழுப்பி, கழுவி, உட்கார வைத்து, ஊட்டிவிட்டுக் கருங்கல் பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

உன் அத்தான் ஆன்றோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாற்பத்திரண்டு வயது. வலது கை தொங்குகிறது. வலது காலை இழுத்துக்கொண்டு கக்கூஸ் வரை போவார், நான் பிடித்தால். பேச்சு இல்லை. நாம் சொல்வது எல்லாம் விளங்குகிறது, தன் வாய்க்கு ஒன்றும் வருவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "ஆ", என்னைத் திட்ட வேண்டும் என்றாலும் "ஆ".

உன்னை ஏன் பிளாக் பண்ணினேன் என்று விளங்கவில்லை என்கிறாய். மார்ச் மாதம் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய் அல்லவா, "அத்தான், நான் போய்ட்டு வாறேன், செபிச்சுக்கிடுங்க" என்று. சந்தோஷப்படுவார் என்று காதருகில் வைத்துப் போட்டேன். இடது கையால் போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். சில்லுச் சில்லாகப் போனது. அதோடு விடவில்லை. பக்கத்தில் இருந்த கஞ்சிக் கிண்ணம், மருந்து, கையில் கிடைத்தது எல்லாம் போனது. அப்புறம் அழுதார். கல்யாணமாகிப் பதினோரு வருடம், அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குத் தொடங்கியது எனக்கு சந்தேகம். வேறு போன் வாங்கியதும் முதலில் உன்னைத்தான் பிளாக் பண்ணினேன்.

பேப்பரில் வந்த படத்தை அம்மா வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தாள். துறையில் அந்த மயில்மீன் தொங்குகிறது. ஒரு பக்கம் கோட்டாறு முதலாளி முத்துநாயகம், மறுபக்கம் நீ, பல் தெரிய சிரித்துக்கொண்டு. உங்கள் பின்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது. அந்த ஆட்டோவில் யார் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். நேற்றுத்தான் அந்தப் படத்தைக் கிழித்தேன்.

பால்பொடியையும் பிஸ்தாவையும் டெனிஷிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தைலம் அம்மாவின் முட்டுக்கு இருக்கட்டும்.

போனில் பேச மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் இரங்கிவிடுவேன், சின்ன வயதிலிருந்து அதுதானே நடக்கிறது. எழுது. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்.

அவருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது?

அஜிஷா

*

மஸ்கட்
27.5.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகமாக இருக்க இறைவன் துணை இருக்கட்டும்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. வள்ளத்தின் தளத்தில் கால் வைத்தால் தோல் உரிகிறது. போன வாரம் ஒரே நாளில் மூன்று சூரை மீன் கிடைத்தது, மூன்றையும் விட்டுவிட்டார்கள். உயிரோடு விட்டால்தான் அவர்களுக்குப் பெருமை. நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

நீ போலீஸ் மாதிரி கேட்கிறாய் அக்கா. நான் உன் கூடப் பிறந்தவன். கடலில் யார் மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். மீனை வள்ளத்தில் ஏற்றியது பதினொன்றரை. மீனை இழுத்தேற்ற அத்தான்தான் கொக்கி போட வேண்டும், அவரைக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். பதினொன்றரை என்றே வைத்துக்கொள்.

அவர் போனை எறிந்தது என் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. நோயால் வருவது. நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா? என்னைத் தப்பாக நினைக்காதே.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

ஜினோ

*

புன்னைத்துறை
15.6.2024

ஜினோவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது, கடலுக்கு யாரும் போகவில்லை.

ஆம், நான் நர்ஸ். அதை நீதான் மறந்துவிட்டாய்.

அன்றைக்கு மூன்று மணிக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவரை இறக்கினீர்கள். செய்தி கேட்டு டியூட்டி உடுப்போடு ஓடி வந்து நானும் அங்கே நின்றேன். டாக்டர் உன்னிடம் மூன்று தடவை கேட்டார். "எப்போ தொடங்கிச்சு? கடைசியா நல்லா பேசினது எப்போ?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது சார், நான் எஞ்சின்ல இருந்தேன்" என்றாய். மூன்று தடவையும் அதேதான். அவர் சீட்டில் எழுதினார்: நேரம் தெரியவில்லை. அந்தச் சீட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது.

மூளையில் அடைத்த ரத்தத்தைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தெரியாத ஆளுக்குப் போட்டால் ரத்தம் கசிந்து சாகலாம், அதனால் போட மாட்டார்கள். இவருக்குப் போடவில்லை.

நீ இப்போது எழுதுகிற பதினொன்றரை உண்மையென்றால், மூன்று மணிக்கு நீங்கள் வந்தபோது மூன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள். அப்படியானால் வாயைத் திறக்காமல் என் மாப்பிள்ளையைக் கெடுத்தாய். பொய்யென்றால், அதற்கும் முன்னாலேயே கெடுத்தாய். எது லே? நீயே எடுத்துக்கொள்.

உங்கள் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். வள்ளத்தின் முனையில் கட்டியிருந்த கேமரா எடுத்ததை, தூண்டில் சாதனைகளுக்குக் கணக்கு வைக்கும் மீன்பிடிச் சங்கத்துக்காரர்கள் போட்டிருக்கிறார்கள், பாட்டு எல்லாம் சேர்த்து. "நாலு கிலோ இழுத்தால் அறுந்துபோகும் நரம்பு, நாற்பத்தாறு கிலோ மயில்மீன், போராட்டம் மூன்று மணி பத்து நிமிடம்" என்று எழுத்து ஓடுகிறது. அதில் ஒரு இடத்தில் மீன் தண்ணீருக்கு மேலே நின்று ஆடுகிறது. முதலாளி தூண்டில் கம்பைப் பிடித்துக் கத்துகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் பக்கம் ஒரு கால் தெரிகிறது. நீட்டிக் கிடக்கிறது. பெருவிரல் நகம் கறுத்த கால். அந்தக் காலுக்கு நான் தினமும் எண்ணெய் போடுகிறேன். எனக்கு அடையாளம் தெரியாதா?

மீன் அப்போது கடலில் இருக்கிறது ஜினோ. அவர் கீழே கிடக்கிறார்.

எத்தனை மணிக்கு?

அஜிஷா

*

மஸ்கட்
20.7.2024

அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதினால் அது பொய்.

உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மாதம் போய்விட்டது. நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதேகால் இருக்கும். தண்ணீர் குடிக்கக் குப்பியை எடுத்தார், குப்பி கையிலிருந்து விழுந்தது. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தார், அப்புறம் சரிந்து படுத்தார். வாய் ஒரு பக்கமாக இருந்தது.

மீன் கொத்தியது எட்டு இருபதுக்கு. அப்போது கரையிலிருந்து பதினெட்டு மைல். அத்தான் விழுந்ததும் திரும்பியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

ஆனால் அக்கா, வள்ளம் என்னுடையது என்றாலும் அன்றைக்கு அது முத்துநாயகம் முதலாளி வாடகைக்கு எடுத்தது. ஆறு வருடமாக இந்த ஒரு மீனுக்காக வருகிறார். நரம்பை வெட்டினால் எல்லாம் போச்சு. வேறு ஆள் கம்பைத் தொட்டால்கூட சங்கத்தில் ஏற்க மாட்டார்கள். நான் சொன்னேன், "முதலாளி, அத்தானுக்கு என்னவோ போல இருக்கு, வெட்டிட்டுப் போவோம்" என்று. அவர் கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுடே, இப்ப வந்துரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காசு உள்ளவன் பேச்சுக்கு மேல் கூலிக்காரன் என்ன பேச முடியும்? மீன் எங்களை வெளியே ஒன்பது மைல் இழுத்துக்கொண்டு போனது. எல்லாம் முடிந்தபோது இருபத்தேழு மைலில் நின்றோம்.

ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அவர் பக்கத்தில் நின்றதால். இதுதான் உண்மை. என் மேல் உள்ள கோபத்தை விட்டுவிடு.

ஜினோ

*

புன்னைத்துறை
1.8.2024

மதிப்பிற்குரிய முத்துநாயகம் ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கும் குடும்பத்துக்கும் எந்தக் குறையும் இருக்காது என்று நினைக்கிறேன். நான் ஆன்றோவின் மனைவி. பிப்ரவரி பதினேழாம் தேதி நீங்கள் மயில்மீன் பிடித்த வள்ளத்தில் கொக்கி போட வந்த ஆன்றோ. நினைவு இருக்கிறதா?

நேற்று கோட்டாற்றில் உங்கள் இரும்புக்கடை வாசல் வரை வந்தேன். உள்ளே கல்லாவுக்கு மேலே அந்த மீனின் படம், கண்ணாடி போட்டு, மாலை மாதிரி சீரியல் லைட் போட்டு. நீங்கள் யாரிடமோ கம்பி விலை பேசிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துக் கண்ணாடியில் எறிந்திருப்பேன். அதனால் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் தம்பி எல்லாவற்றையும் எழுதிவிட்டான். ஒன்பதேகாலுக்கு என் மாப்பிள்ளை வாய் கோணி விழுந்தார். "வெட்டிவிட்டுப் போவோம்" என்று அவன் உங்களைக் கேட்டான். நீங்கள் சம்மதிக்கவில்லை. பதினொன்றரை வரை மீனைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கரைக்கு வந்த பிறகும் அவரை ஆட்டோவில் போட்டுவிட்டு மீன் பக்கத்தில் நின்று படம் எடுத்தீர்கள்.

ஐயா, ஒரு மீன் போனால் இன்னொரு மீன் வரும். உங்களுக்கு ஆறு வருடம் காத்திருக்க முடிந்தது, ஏழாவது வருடம் முடியாதா? என் வீட்டில் ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்ல முடியாமல் கிடக்கிறார். நான் யாரிடம் போய்க் கேட்பது?

எனக்கு உங்கள் உதவி எதுவும் வேண்டாம். ஆளைவிட்டுப் பணம் கொடுத்தனுப்பினால் தெருவில் எறிவேன். ஏன் வெட்டவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். எழுத முடியாதென்றால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலையும் பாருங்கள்.

இப்படிக்கு,
அஜிஷா ஆன்றோ

*

கோட்டாறு
9.8.2024

அன்பான சகோதரி அஜிஷாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக என்று எழுதத் தொடங்கினேன். எழுதிய பிறகு, அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் தம்பியின் மேல் பழி போட எனக்கு விருப்பம் இல்லை. அவன் என் மகன் வயதுக்காரன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதற்குப் பொய் சொல்லவும் முடியாது.

நான் முன்பக்கம், கம்போடு நின்றேன். கடல் இரைச்சல், எஞ்சின் இரைச்சல். குப்பி என் காலடிக்கு உருண்டு வந்ததும் திரும்பினேன். ஆன்றோவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது. என் அப்பாவுக்கு இதே மாதிரி வந்துதான் இறந்தார். நான் சத்தம் போட்டேன்: "ஜினோ, ஆன்றோவுக்க முகம் கோணுது டே. நரம்ப வெட்டு, போவோம்."

அவன், "ஒண்ணும் இல்ல முதலாளி. பித்தம். வெறும் வயித்துல வந்தாரு. கொஞ்சம் படுத்தா சரியாவும். நீங்க மீன விட்டுராதீங்க" என்றான்.

பத்து மணி வாக்கில் மறுபடியும் சொன்னேன். "மீனு போனா போவுது ஜினோ." அதற்கு அவன் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "இப்ப விட்டா இந்த ஜென்மத்துல இப்பிடி ஒண்ணு நமக்குக் கிட்டாது. இன்னும் அரை மணிக்கூறு." நமக்கு என்றான். எனக்கு என்று சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன், அதனால் இதையும் எழுதுகிறேன். கத்தி என் இடுப்பில் இருந்தது. நரம்பு என் கையில் இருந்தது. இரண்டையும் சேர்க்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இரண்டு தடவை வாயால் சொல்லிவிட்டு, கையால் மீனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் மாட்டேன் என்று சொன்னது எனக்கு உள்ளுக்குள் வசதியாக இருந்தது. கரையில் அந்தப் படத்துக்கு நின்றதும் உண்மை. இரண்டு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம்தானே என்று நினைத்ததும் உண்மை.

படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த மீனைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிவிட்டேன், காரணத்தோடு. இதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லை. ஆன்றோவிடம் நான் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
முத்துநாயகம்

*

புன்னைத்துறை
11.8.2024

ஏலே ஜினோ,

முத்துநாயகம் எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. வாசி. உட்கார்ந்து வாசி.

அவரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் தன் கை செய்ததைத் தன் கை செய்தது என்று எழுதினார். நீ உன் கையை வெட்டி அவர் தோளில் ஒட்டி எனக்கு அனுப்பினாய். நான் அதை நம்பி, அந்தக் கிழவரை வாய்க்கு வந்தபடி எழுதினேன்.

அவர் விடச் சொன்ன மீனை நீ விடாமல் பிடித்தாய். பிடித்து, அதைக் காட்டி, வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். பித்தமாம். அக்கா வீட்டில் பதினோரு வருடம் சோறு தின்றவன், அவர் வெறும் வயிற்றில் கடலுக்குப் போகிறவரா என்று உனக்குத் தெரியாதா? அன்றைக்கு விடிகாலை நாலு மணிக்கு நான்தான் புட்டு அவித்துக் கொடுத்தேன். உனக்கும் சேர்த்து.

சுகம் விசாரிக்கவில்லை. விசாரிக்க மனம் இல்லை.

அஜிஷா

*

மஸ்கட்
3.11.2024

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று மாதம் போனது. நலமா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. இருந்தாலும் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அத்தான் எப்படி இருக்கிறார்?

முதலாளி எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஒரு எழுத்துக்கூட அவர் கூட்டவில்லை. பழியை அவர் மேல் போட்டது நான். நீ நம்புவாய் என்று தெரிந்தே போட்டேன். காசுள்ள ஆள் என்றால் நம் ஊரில் யாரும் நம்புவார்கள்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்கு நானே கேட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். நியாயம் என்று எடுத்துக்கொள்ளாதே.

அந்த நரம்பு தலைமுடி கனம்தான் அக்கா. அதில் ஒரு மயில்மீன் நிற்க வேண்டுமென்றால் கம்பு பிடிப்பவர் ஒன்றும் செய்ய முடியாது, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கலாம். எல்லாம் வள்ளம்தான். மீன் பாய்ந்தால் பாய வேண்டும், நின்றால் நிற்க வேண்டும், தாழ்ந்தால் சுற்றி வந்து அதன் மேலே போக வேண்டும். ஒரு முழம் பிசகினால் அறும். அன்றைக்கு ஒரு முழம்கூட நான் பிசகவில்லை. மீன் என்ன நினைக்கிறது என்று அது நினைப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. படிப்பு வரவில்லை, ஐடிஐயில் தோற்றேன், விசைப்படகில் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சரியாகச் செய்தது அந்த ஒரு காலைதான். முதலாளி பெயரில் எழுதினார்கள். பிடித்தது நான்.

அதை விட்டுவிட எனக்குக் கை வரவில்லை.

பித்தம் என்று சொன்னபோது அப்படித்தான் என்று என்னையே நம்ப வைத்தேன். பத்து மணிக்கு மேல் அதுவும் முடியவில்லை. மீன் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. ஆனால் ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வெட்டியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் படுத்துக் கிடந்தார். அவர் சொல்லியும் நான் கேட்காமல் இருப்பேனா? அவ்வளவு கெட்டவன் இல்லை நான். இதையாவது நம்பு.

சங்கத்தில் அந்த மீனை நீக்கிவிட்டார்கள் என்று இங்கே தெரிந்துவிட்டது. இங்குள்ள முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கடலுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது துறைமுகத்தில் வள்ளங்களைக் கழுவுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு வரலாமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். வராதே என்றால் வரவில்லை.

ஜினோ

*

புன்னைத்துறை
8.12.2024

ஜினோவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். அவருக்குக் கால் கொஞ்சம் தேவலை, கம்பூன்றி முற்றம் வரை போகிறார். செப்டம்பரிலிருந்து வாரம் இரண்டு நாள் நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். டீச்சர் ஒரு சின்னப் பிள்ளை, தன்யா என்று பெயர். படம் காட்டுவாள், இவர் சொல்ல வேண்டும். "மாடு" வந்துவிட்டது. "சோறு" வந்துவிட்டது. என் பெயர் அக்டோபரில் வந்தது. "அஜி" என்றார். பஸ் ஸ்டாண்டில் வைத்து, அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். வாயில் வராததை இடது கையால் எழுதச் சொல்கிறாள். கொஞ்சம் கொஞ்சம் எழுதுகிறார்.

உன் கடிதம் வந்த அன்று மாலை அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முத்துநாயகத்தின் கடிதத்தை ஆகஸ்டிலேயே வாசித்திருந்தேன், அப்போது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உன் கடிதத்தையும் அப்படித்தான் கேட்டார். நீ மீனைப் பற்றி எழுதிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் கடல்காரர்தானே, நீ சொன்னது அவருக்கு விளங்கியிருக்கும். எனக்கே கொஞ்சம் விளங்கியது. விளங்கியதால் இன்னும் கோபம் வந்தது.

அப்புறம் அந்த இடம் வந்தது. "அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்." என் கையைப் பிடித்தார். இடது கையில் இப்போது நல்ல பலம், எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தார். மறுபடி வாசி என்று சைகை காட்டினார். மறுபடி வாசித்தேன். மூன்றாவது தடவையும். நோட்டைக் காட்டினார்.

அன்றைக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. நோட்டைக் கிழித்துப் போட்டார். மறுநாளும் அப்படியே. நான் டியூட்டிக்குப் போன பிறகும் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று அம்மா சொன்னாள். "வேண்டாம், நீங்க சொன்னா நான் எழுதுறேன்" என்றேன். என்னைத் தள்ளிவிட்டார். பதினோரு நாள் ஆனது. நேற்று இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். வலது கை அதற்கு முன்னால் அப்படி உயர்ந்ததே இல்லை.

கிறிஸ்மஸுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தவில்லை. வாசித்த பிறகும் இந்த வாசலில் வந்து நிற்க உனக்குக் கால் வந்தால், வா.

அஜிஷா

*

ஜினோ

நா சொன்னேன்

வெட்டு

ரண்டு தடவ

நீ திரும்பி பாத்த

என் மொகம் பாத்த

அப்பறம் மீன பாத்த

ஆன்றோ